மாப்பிள்ளையின் பத்து விரல்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், தூத்துக்குடி, குஜராத் என்று பதினெட்டு ஆண்டுகள் சுற்றிவிட்டு விருத்தாசலத்துக்கே திரும்பி, ஒரு செராமிக் பட்டறையில் சேர்ந்தேன். அச்சிலிருந்து எடுத்த மின்சார பியூஸ் கட்டையைச் சூளைக்குப் போகும் முன் உப்புத்தாளால் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். ஓரத்துப் பிசிறு கண்ணுக்குத் தெரியாது. வெறும் விரல் நுனிதான் சொல்லும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

தங்கை புருஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்வான். விரல் எரிகிறது என்று பலூனை வெட்டிப் பத்து விரலுக்கும் மாட்டிக்கொள்வான்.

"பொம்பளைங்களே வெறுங்கையில தேய்க்குறாங்க. உனக்கு என்னா மாப்ள, தெனமும் பர்த்டேவா?" என்பேன். பட்டறையே சிரிக்கும். அவனும் சிரிப்பான், ஆனால் கழற்ற மாட்டான். நான் இரண்டு தட்டுக் கட்டை முடிக்கும்போது அவன் ஒன்றுதான் முடித்திருப்பான்.

போலந்தில் பீங்கான் கழிப்பறைச் சாமான் செய்யும் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. எங்கள் இருவருக்கும் வேலைக் கடிதம் வந்தது. நீண்ட நாள் தங்கும் விசா வாங்கிக்கொண்டு, கடிதத்தில் போட்டிருந்த தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கும் இடத்தில் கைரேகை எடுத்தார்கள். மாப்பிள்ளை கண்ணாடிமேல் விரல்களை வைத்தான். உடனே பச்சை விளக்கு. நான் வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன், அழுத்தி வைத்தேன். சிவப்புதான்.

"சார், உங்களுக்கு ரேகையே விழல. என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள் ரேகை எடுத்த பெண். சொன்னேன்.

"உங்ககூட வந்தவரும் அதே வேலைதானே?"

கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நாற்பது நாள் வேலைக்குப் போகாமல் தோல் வளரவிட்டு, வேறு தேதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் தூங்கிவிட்டான். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. சுழி சுழியாக, கோடு கோடாக, பள்ளிக்கூடத்துப் பையனின் விரல்கள் மாதிரி இருந்தன. உளுந்தூர்பேட்டை வரைக்கும் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்னா மச்சான் பாக்குற?" என்று விழித்தான்.

"ஒண்ணுமில்ல, தூங்கு."

பட்டறைக்குப் போகவில்லை. விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு என்று சும்மா சுற்றினேன். கையில் காசு இல்லாததால் ஒருவேளைதான் சாப்பாடு. அது பழக்கம்தான். அவனுக்கு விசா மறுக்கப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டதுதான் புதுசு. தங்கையின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தே வேண்டினேன்.

பத்தொன்பதாம் நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவருக்கு விசா வந்துடுச்சு! நீ பாக்கணும்னு காத்துக்கினு இருக்குறாரு. வூட்டுக்கு வா."

போனேன். பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தான். விசா ஒட்டிய பக்கத்தில் அவன் படம் எனக்குக் கூட அழகாகத் தெரிந்தது.

"உனக்கும் வந்துடும் மச்சான். நான் முன்னாடி போயி ரூம்ல உனக்கு ஒரு கட்டில் புடிச்சு வைக்கிறேன்" என்றான். பலூனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அவன் சொல்லவில்லை.

"ஜன்னலோரமா பாரு மாப்ள" என்றேன்.

எனக்குக் கிடைத்திருந்த அடுத்த தேதி, கம்பெனி வைத்த கெடு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான். அதைத் தங்கையிடமும் அவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் வாடும். அது வாடுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

தங்கை கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை பட்டறையில் என் இடத்தில் போய் உட்கார்ந்து உப்புத்தாளை எடுத்தேன். நாற்பதில் இன்னும் இருபது நாள் மிச்சமிருந்தது.