மாப்பிள்ளை மாட்டிய டிஷ்

குழாய்க் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. பேச்சைக் கேட்டால் ராக்கெட் விடுகிறவர் என்று தோன்றும். தெருவில் அவருக்கு ‘மேதாவி’ என்று பெயர். அதைப் பாராட்டு என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். தையல்காரியான அவர் மனைவி வாயில் எப்போதும் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அது ஒரு வசதி.

இடுப்பு முறிந்த அவள் அப்பா பின்னறைக்கு வந்து சேர்ந்ததும், அங்கேயும் ஒரு டிவி வைக்க வேண்டியதாயிற்று.

“இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடுறதா? நான் எதுக்கு இருக்கேன்?” என்று மேதாவி மாடி ஏறினார். டிஷ்ஷிலிருந்து வரும் வயரை வெட்டி, தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றைச் செருகி, கூடத்துக்கு ஒன்று பின்னறைக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார். மூன்று ஸ்க்ரூ மிச்சம். கம்பெனிக்காரன் தாராளமாகக் கொடுத்துவிட்டானாம்.

மறுநாளிலிருந்து தொடங்கியது வினை. பின்னறையில் பகல் முழுக்கப் படம் கிடையாது. சாயங்காலம் மேதாவி வந்து கூடத்து டிவியைப் போட்டுவிட்டுப் பின்னறையை எட்டிப் பார்த்தால், அங்கே ஜம்மென்று ஓடும்.

“நீங்க கிளம்பினதும் போயிடுது மாப்பிள்ளை.”

“என் மேல அதுக்கு அவ்வளவு பாசமா மாமா? ரிமோட்டை நோண்டாதீங்க.”

நோண்டுகிறார் என்ற பேச்சு ஒரே வாரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கூட்டிப்போகும்படி மச்சானுக்குப் போனும் போய்விட்டது. மச்சான் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கோலூன்றி நடக்கிற மனுஷன் அங்கே ஏறினால் அப்புறம் இறங்கினாற்போலத்தான்.

“அம்மாடி, நிஜமாவே நான் எதையாவது அமுக்கிடறேனா?” என்று பெரியவர் கேட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்கே தன்மேல் சந்தேகம் வரும்படி செய்துவிட்டானே மனுஷன் என்று மகள் குண்டூசியை அழுத்திக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இஸ்திரிப்பெட்டி சுவிட்சைப் போடப்போனவள், கை தவறிக் கூடத்து டிவி சுவிட்சைத் தட்டிவிட்டாள். வேலைக்குக் கிளம்பும்போது அதை அணைப்பது மேதாவியின் அன்றாடச் சடங்கு; நாட்டையே காப்பாற்றிவிட்ட முகத்தோடு அணைப்பார்.

“அம்மாடி, வந்துடுச்சு!” பின்னறையிலிருந்து குரல்.

அணைத்தாள். “போயிடுச்சு.”

போட்டாள். “வந்துடுச்சு.”

ஆறு தடவை பார்த்துவிட்டு மாடி ஏறினாள். டப்பாவில் கீழே போகிற வயர்களுக்கு இரண்டு வாய். ஒன்றைச் சுற்றிச் சிவப்பு வளையம். டிவிப் பக்கமிருந்து இந்த வழியாக மட்டும்தான் டிஷ்ஷுக்குக் கரண்ட் ஏறும் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்த வாயில்தான் கூடத்து வயர். வீட்டுத் தலைவன் உட்காருகிற இடம் அல்லவா! அவர் அங்கே உட்காராத நேரமெல்லாம் மேலே டிஷ்ஷுக்கு உயிரே இல்லை. படிக்கத் தெரிந்தவர், படிக்கவில்லை. இரண்டு வயரையும் கையாலேயே திருகிக் கழற்றி இடம் மாற்றினாள். கீழே வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தபோது, கூடத்து டிவி அணைந்தே கிடக்க, பின்னறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தானே ஓடுது? அப்பா தெளிவாத்தானே பேசுறாரு?” என்றான்.

மேதாவி கூடத்தில் கிரிக்கெட்டைப் போட்டார். முதல் பந்து விழுவதற்குள், பின்னறையில் பெரியவர் கோலை நீட்டிச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். “பார்க்காதப்போ அணைச்சிடணும். மாப்பிள்ளை வீட்டு ஒழுங்கு அது.”

கூடத்தில் திரை கறுத்தது. மேதாவி மாடிக்கு ஓடி, உச்சி வெயிலில் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துத் திருப்பினார்.

“வந்துச்சா?”

“இல்லீங்க.”

“இப்போ?”

அண்ணன் அண்ணாந்து பார்த்தான். “நான் கூட்டிட்டுப் போக வேண்டியது இவரையா?”

“அவரு எப்பவும் இப்படித்தான்ணா. அப்பா இங்கேயே இருக்கட்டும்” என்றவள், குண்டூசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள்.