தாஷா அடித்தவருக்கு உதவியாளர் எதற்கு

மகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் குறுஞ்செய்தி வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்புப் படிக்கு இனி பழைய சான்றிதழ் செல்லாது. எல்லோரும் மருத்துவர் முன்னால் மறுபடி நேரில் வர வேண்டும். உதவியாளர் உண்மையிலேயே தேவையா என்று புதிதாக முடிவு செய்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளின் பின்பக்கத்தையும் படித்துவிட்டு எழுத ஆரம்பிக்கிற ரகம். 'உண்மையிலேயே' என்ற ஒரு சொல் போதும், எனக்குப் பசி போய்விடும்.

புனே பக்கம் ஆகுர்டியில் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது நடந்த விபத்துக்குப் பிறகு என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பிசியோதெரபி செய்ய வரும் அம்மாவுக்கு அந்தப் படியிலிருந்துதான் சம்பளம் கொடுக்கிறோம். படி நின்றால் அவர் வருவது நிற்கும். அவர் வருவது நின்றால் கால்கள் விறகாக விறைத்துப்போகும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஆனால் இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தோராவது தடவை நினைத்தபோது வீடியோ ஞாபகம் வந்தது.

எங்கள் குடியிருப்பில் கணபதி விசர்ஜன ஊர்வலத்துக்கு ஒரு டோல்-தாஷா குழு உண்டு. டோல் பெரிய மேளம். தாஷா, கழுத்தில் மாட்டி இரண்டு மெல்லிய குச்சிகளால் படபடவென்று அடிக்கும் சிறிய பறை. இவர் அதைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து அடித்தார். காவித் தலைப்பாகை, பறக்கிற குச்சிகள், வாயெல்லாம் பல். யாரோ படமெடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். நடந்து போனவர்களைவிட இவர்தான் ஆரோக்கியமாகத் தெரிந்தார்.

இது மருத்துவர் கண்ணில் பட்டால்? அதை அழிக்கச் சொல்வது ஏமாற்று வேலையா? யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேருமா? இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்துவிட்டு, வாட்ஸப் குழுவை நடத்தும், எல்லோரும் காக்கூ என்று கூப்பிடும் கீழ்வீட்டு அத்தையிடம் போனேன். நாள் கடந்துவிட்டதால் எல்லோருடைய போனிலிருந்தும் எடுக்க முடியாது, அவரவர்தான் அழிக்க வேண்டும் என்றார் அவர். சரி என்று வீடு வீடாகக் கிளம்பினேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய விளம்பரம் அதுதான். எந்த வீடியோ வஹினி, நாங்கள் பார்க்கவே இல்லையே என்று அண்ணி முறை வைத்துக் கேட்டவர்களுக்கு, எதை அழிக்க வேண்டும் என்று நானே போட்டுக் காட்டினேன். பார்த்தவர்கள் மறுபடி பார்த்தார்கள். இரண்டாவது மாடிக்காரர் நெகிழ்ந்துபோய் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மகர்பட்டாவில் இருக்கும் அவருடைய மச்சினி, தன் அலுவலகக் குழுவில் பகிர்ந்துவிட்டதாகப் பெருமையாகச் செய்தி அனுப்பினாள்.

"என்னத்துக்கு அழிக்கச் சொல்லிட்டு அலையுத? நான் என்ன களவாண்டேனா?" என்றார் இவர்.

படிவம் நிரப்புவது அதைவிட மோசம். என்னென்ன உதவி தேவை என்ற இடத்தில் நான் எழுத எழுத, இவர் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். பேன்ட் போடுவது? அது பாதி நானே போடுவேன், அடி. படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது? அதெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா, அடி. சிறுநீர்ப் பை மாற்றுவது என்று எழுதியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் அடித்தேன். கடைசியில் 'குளிக்க, வெளியே செல்ல' என்ற இரண்டு மட்டும் மிஞ்சின. அதைப் படித்தால் முட்டிவலிக்காரர் மாதிரி இருந்தது.

அதனால் ஒத்திகையில் கவனம் செலுத்தினேன். சவரம் வேண்டாம் என்றேன், செய்துகொண்டார். பழைய சட்டை எடுத்து வைத்தேன். இஸ்திரி போட்டதுதான் வேண்டும் என்றார்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"செத்துட்டேன்னு சொல்லட்டுமா?"

கேம்ப் பகுதியில் இருந்த சான்றிதழ் அலுவலகத்துக்கு மகளையும் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, மூக்கின் நுனியில் கண்ணாடி. எப்படி இருக்கிறீர்கள் என்று மராத்தியில் கேட்டார். இவர் பளிச்சென்று "மஜேத்" என்றார். ஜாலியாக இருக்கிறேன் என்று அர்த்தம். புனேயில் யார் கேட்டாலும் எல்லோரும் சொல்கிற பதில்தான். ஆனாலும் நான் தரையைப் பார்த்தேன்.

மருத்துவர் காலைத் தட்டினார், கீறினார், எழுதினார். என் படிவத்தைப் பார்த்து, இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான் என்றார் இவர். அப்படியென்றால் நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள், சும்மாவா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தச் 'சும்மா' இவருக்குப் பொறுக்கவில்லை. நான் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பதற்குள் போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு மேசையில் வைத்துவிட்டார்.

அறை முழுக்கத் தாஷா. பக்கத்து மேசைக் குமாஸ்தாவின் கால் தாளம் போட்டது. என் மகள் ஆடினாள். பிசியோதெரபி அம்மாவுக்கு எப்படி விஷயத்தைச் சொல்வது என்று நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் வீடியோவை நிறுத்தினார். திரையில் விரலை வைத்து, "ஹீ கோண்?" என்றார். இது யார்?

எட்டிப் பார்த்தேன். எத்தனை வீடுகளில் போட்டுக் காட்டியிருப்பேன், ஒரு தடவைகூட இவருக்குப் பின்னால் பார்த்ததில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைவிரி கோலமாக ஒரு பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மருத்துவர் மெதுவாக நகர்த்த நகர்த்த, அவள் வேகத்தடையில் நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூக்கினாள், நழுவிய இவர் காலை எடுத்துப் பலகையில் வைத்தாள், குனிந்து, நாற்காலிக்கு அடியில் காவித் துணி சுற்றித் தொங்கிய எதையோ சரிசெய்தாள். கணபதிக்கு எதிரில் அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று நான்தான் சுற்றியிருந்தேன்.

துணிக்குள் என்ன என்று மருத்துவர் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு இவரே, தொண்டையைச் செருமிக்கொண்டு, சிறுநீர்ப் பை என்றார். ஊர்வலம் முடிவதற்குள் இரண்டு தடவை இவள் ஒரு மிட்டாய்க் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் காலி செய்தாள் என்றும் சொன்னார்.

மருத்துவர் எங்கள் படிவத்தை இரண்டு விரலால் தூக்கி, இதை எழுதியது யார், இவ்வளவு மோசமாக எழுதியிருக்கிறாரே என்றார். வாழ்க்கையில் என் எழுத்துக்கு முதல்முறையாகக் கெட்ட மதிப்பெண். உதவியாளர் தேவை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, காலையிலிருந்து இரவு வரை செய்வதை ஒன்று விடாமல் எழுதி இணைக்கச் சொன்னார்.

வராந்தாவில் தாளை இவர் மடியில் வைத்துதான் எழுதினேன். மகள் தொங்கிக்கொண்டிருந்ததால் எழுத்து கோணியது. அடிக்கச் சொல்லுவார் என்று ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினேன். இவர் குனிந்து படித்துக்கொண்டே வந்தார். பக்கம் முடிகிற இடத்தில், மத்தியானத்தைத்தான் எட்டியிருந்தேன்.

"நீ எழுது," என்றார் இவர். "நான் உள்ள போயி இன்னொரு தாள் கேட்டு வாரேன்."

என்னைக் கூப்பிடாமல், சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு போனார். கதவு நிலையில் முட்டி நின்றார். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.