சட்டைப்பையில் ஃபியூஸ் கட்டை

அந்தக் கட்டிடத்தின் எட்டு வீடுகளுக்கும் வயரிங் செய்தது அவர்தான். போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே வயரில் கை வைப்பார். கட்டை தன்னிடம் இருக்கும்வரை யாரும் தெரியாமல் கரண்டைப் போட்டுவிட முடியாதல்லவா! முப்பது வருடம் அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றியது. சாயங்காலமானால் குடிப்பார். அது ஒன்றுதான் குறை என்று மனைவி நினைத்திருந்தாள்.

குடியே அவருடைய ஞாபகத்தைத் தின்றுவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். "குடியை விட்டது நல்லது. வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதீங்க. போன ஞாபகம் முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. தனியா மட்டும் விடாதீங்கம்மா."

அக்கம்பக்கத்தில் அவள் மூச்சுவிடவில்லை. கேட்டவர்களிடம் நரம்புத் தளர்ச்சி என்றாள்.

ஒருநாள் காலை, துணி உலர்த்திவிட்டு வந்தால் நாற்காலியில் ஆள் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. மாடியில் அவர் சிரிப்பது கேட்டு, இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மாடியில் குடியிருக்கும் டீச்சரின் சமையலறையில், டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். தலைக்கு மேல், விளக்கைக் கழற்றிய இடத்தில் இரண்டு வயர்கள் தொங்கின.

"கரண்டை நிறுத்தினீங்களா?"

"இதென்ன கேள்வி? கட்டை இங்க இருக்கு பாரு." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

கட்டை இருந்தது. ஆனால் பக்கத்தில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. தினமும் சட்டை மாட்டியதும் மேசை டிராயரிலிருந்து ஏதோ ஒரு பழைய கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார், அதுதான் இது.

கத்தினால் பதறித் திரும்புவார், கை வயரில் பட்டுவிடும். மறுத்துப் பேசினாலோ வீம்புக்கே தொடுவார்.

"டீச்சர், மெயினை ஆஃப் பண்ணுங்க," என்றாள் மெதுவாக.

"அவர்தான் நிறுத்திட்டேன்னாரே?"

"உங்க கால்ல விழறேன், பண்ணுங்க."

ஃபிரிட்ஜ் சத்தம் அடங்கியது. "பயந்தாங்கொள்ளி! இவளைக் கட்டிக்கிட்டு நான் வயர்மேனா குப்பை கொட்டினதே பெரிசு," என்று சிரித்தபடி அவர் வயரை முறுக்கினார். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது.

"நல்லாத்தானே பேசறார்?"

"பேச்சுல ஒரு குறையும் இல்ல டீச்சர். செய்யாததைச் செஞ்சேன்பார். பொய்யில்ல, அவருக்கு அப்படித்தான் தோணும். எல்லாம் குடிச்ச குடி." முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் மற்ற வீடுகளிலும் சொல்லிவிடக் கிளம்பினாள். அவரை விட்டுவிட்டுப் போகப் பயமாக இருந்தது. கையைப் பிடித்துக் கூடவே அழைத்துப் போனாள். மூன்றாவது வாசலில் அவள் சொல்லி முடித்ததும் அவர் உச்சுக்கொட்டினார்.

"அடப் பாவமே, யாருக்கு?"

அவள் பிடியை இறுக்கிக்கொண்டு அடுத்த வீட்டு மணியை அழுத்தினாள்.