எழுபத்தொரு டிகிரியில் நடுங்கிய வீடு

பிஸ்கட்டவே என்ற ஊரில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட்டுக்கு மேலே, வீட்டுக்காரத் தம்பதி குடியிருந்தார்கள். கணவனுக்கு ஐடி வேலை, மனைவிக்கு அப்போது நிறைமாதம். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். டெக்சஸில் லாரிக்குள் தூங்கியிருக்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு மோட்டலின் துணி துவைக்கும் அறையிலேயே ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறேன். மோட்டலில் வேலை பார்த்தவனுக்கு ஹீட்டர் தெரியாமல் இருக்காது என்று இவர்கள் நம்பினார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பெண் படியில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணா, கொஞ்சம் மேல வரீங்களா? ஹீட்டர்ல காத்து வருது, சூடு வரமாட்டேங்குது."

பிரசவத்துக்கு உதவ அவளுடைய அம்மா திருச்சியிலிருந்து அன்றுதான் வந்து இறங்குகிறார். கணவன் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தான்.

"அம்மாவுக்குக் குளிர் ஆகாது. வீடு சில்லுன்னு இருந்தா டல்லஸ்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லியிருக்காங்க. சும்மா சொல்றவங்க இல்லண்ணா. அவங்க போயிட்டா கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

தரையில் காற்று வரும் துவாரத்தில் கை வைத்தேன். மறந்துபோய் வைத்துவிட்ட காபியின் சூடு. சுவரில் புது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வட்டமாக மின்னியது. ஃபாரன்ஹீட்டில் எழுபது டிகிரி கேட்டிருந்தார்கள். எழுபத்தொன்று இருப்பதாக அது சொன்னது. எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

ஃபில்டரை மாற்றினேன். மூடியிருந்த துவாரங்களைத் திறந்தேன். ஒன்றை அடைத்திருந்த சோபாவை நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் ஹீட்டர் எரியும், கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்ததுபோல அணையும். ஃபேன் மட்டும் மிச்சமிருந்த சூட்டை ஊதித் தீர்க்கும்.

வழியிலிருந்து கணவன் ஃபோன் செய்தான்.

"அண்ணா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"ஆப்ல எல்லாம் கரெக்டா காட்டுதே. வீடு நல்லா சூடாத்தான் இருக்கு."

"நீ ரோட்ல இருக்க. வீட்ல இருக்கறது நாங்க," என்று அவள் ஃபோனைப் பிடுங்கிச் சொன்னாள்.

மதியம் அம்மா வந்தார். கோட்டைக் கழற்றாமல் ஹாலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வெளியிலயும் இதே குளிர்தான் மாப்பிள்ளை. கதவு எதுக்கு வச்சிருக்கீங்க?"

கணவன் சுவரில் மின்னிய எழுபத்தொன்றைக் காட்டினான்.

"பெட்டிய கார்லயே விடுங்க. டல்லஸுக்கு டிக்கெட் இருக்கான்னு பாருங்க."

"முதல்ல ரெண்டு இட்லி சாப்பிடும்மா," என்று சொல்லிவிட்டு மகள் ஓவனைத் திறந்தாள். இங்கே குளிர்காலத்தில் மாவு லேசில் புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை அதற்குள் விட்டுவைப்பது நம் வீடுகளின் வழக்கம். மாவு பொங்கி வழிந்திருந்தது. பக்கத்தில், மாவு சொட்டச் சொட்ட, ஒரு சின்ன வெள்ளை டப்பா.

"இது என்னது?" என்று அதை எடுத்துக் காட்டினாள்.

கணவன் என்னைப் பார்த்தான். நான் சோபாவைப் பார்த்தேன்.

"ரூம் சென்சார்," என்றான். தெர்மோஸ்டாட்டோடு வந்தது. வைத்த அறையின் சூட்டை அது சொல்லும். ஹாலின் குளிரையும் ஓவனின் சூட்டையும் கூட்டிச் சராசரி பார்த்துத்தான் வீட்டுக்கு எழுபத்தொன்று போட்டிருக்கிறது தெர்மோஸ்டாட்.

"அது ஓவன்ல என்ன பண்ணுது?"

"மாவுக்கு சூடு பத்துதான்னு ராத்திரி ஃபோன்ல பாக்க வச்சேன். அத்தை வராங்களேன்னு... காலையில எடுக்க மறந்துட்டேன்."

"மாவுக்கு வேர்க்குது, எனக்குப் பல்லு தந்தி அடிக்குது!" என்றாள் மகள்.

டப்பாவைத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். இட்லி வேகும் முன்பே ஹீட்டர் எரியத் தொடங்கியது. இந்த முறை அணையவில்லை. காலடியில் சுடச்சுடக் காற்று வந்தது.

அம்மா கோட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டார்.

"படுக்கையிலேருந்து மாவப் பாத்துக்கிட்டே இருந்தீங்களா மாப்பிள்ளை?"

"அப்பப்ப, அத்தை."

அதற்குள் டல்லஸிலிருந்து ஃபோன் வந்தது. அம்மா கை கழுவிவிட்டு எடுத்தார்.

"இல்லடி, நான் இங்கதான் இருக்கப் போறேன். மாவையே இப்படிப் பாத்துக்கற மனுஷன் புள்ளைய நல்லாத்தான் பாத்துக்குவாரு. ஆனா எத எங்க வைக்கணும்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."