குலுக்கல் நாளில் வந்த வசூல்காரர்

இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நான் அப்போது வேலூரில் பி.காம் இரண்டாம் வருஷம். வீடு ஆம்பூரில். காலையில் பாசஞ்சர் ரயில், சாயங்காலம் கிடைத்த பஸ். பள்ளிகொண்டா தாண்டியதும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவேன். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை மூக்கில் ஏறும்போது தானாக விழிப்பு வரும். ஊர் வந்துவிட்டது என்று எந்தக் கண்டக்டரும் என்னை எழுப்பியதில்லை. இப்போது வேறெங்கோ வாழ்கிறேன். எப்போதாவது அந்த வாடை காற்றில் வந்தால் கூட இருப்பவர்கள் கைக்குட்டையை எடுக்கிறார்கள், எனக்கு மட்டும் பசிக்கிறது.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்பார்கள். எங்கள் தெருவின் சீட்டுப் பணம் அவளிடம்தான் ஒரு டப்பாவில் இருக்கும். அம்மாவையும் சேர்த்துப் பத்து பெண்கள், ஆளுக்கு மாசம் ஐநூறு, பத்து மாசம். அதில் ஏலம் கிடையாது. பாதிப் பேர் உருது பேசும் வீட்டுப் பெண்கள், வட்டி அவர்களுக்கு ஆகாது. ஏலத்தில் கழிவு தள்ளி எடுப்பதும் வட்டி மாதிரிதான் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால் குலுக்கல். மாசத்தின் இரண்டாவது ஞாயிறு, பதினொரு மணி, எங்கள் வீட்டு நடுக்கூடம். பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, சீட்டில் பங்கே இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். தெருவில் அந்த நேரத்துக்கு யார் போனாலும் சரி. ஒருமுறை பிளாஸ்டிக் குடம் விற்கிறவர், ஒருமுறை சிலிண்டர் கொண்டுவந்தவர். முதல் மாசமே எடுத்தவள் மீதி ஒன்பது மாசமும் ஐநூறு கட்டுவாள். கடைசியில் எடுத்தவளுக்கும் அதே ஐயாயிரம்தான். கூடாது, குறையாது. பணத்தில் எனக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

அந்த ஒழுங்கோடுதான் லாங் பஜார் முனையில் போய் மாட்டினேன். பெரிய குடை ஒன்றை நட்டு, டை கட்டிய இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கிரெடிட் கார்டு எடுத்தால் தோள் பை இலவசம். நான் ஸ்டூடன்ட் என்றேன். எங்கேயாவது வேலை பார்த்த பே ஸ்லிப் இருந்தால் போதும் பாஸ் என்றார்கள். கோடை லீவில் ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்திருந்தேன், இரண்டு மாச ஸ்லிப் இருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் கூரியரில் கார்டு வந்தது. முப்பதாயிரம் வரை செலவழிக்கலாம். அம்மாவின் பத்து மாசச் சம்பளம்.

என்ன வாங்கினேன் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். கேமரா வைத்த போன். வகுப்புக்கே மூன்று முறை சாப்பாடு. ஒரு தோஸ்தின் பரீட்சைக் கட்டணம், அதை அவன் திருப்பித் தரவே இல்லை. சென்னைக்குப் போய் கண்ணாடிக் கடையில் ஒரு ஜோடி ஷூ. அம்மா மாதிரி யாரோ ஒருத்தி தைத்த அப்பர்தான் அது, விலை அம்மாவின் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல். பிறகு அம்மாவுக்கு ஒரு மிக்ஸி. பையன் டியூஷன் எடுத்துச் சம்பாதித்து வாங்கியது என்று தெருவையே கூப்பிட்டுச் சட்னி அரைத்துக் காட்டினாள்.

பில் வந்தது. மொத்தம் முப்பதாயிரம், மினிமம் டியூ ஆயிரத்து ஐநூறு என்று போட்டிருந்தது. மனக்கணக்குப் போட்டேன். இருபது மாசம். சரி, சீட்டை முதல் மாசமே எடுத்துவிட்ட மாதிரிதான், மீதியைக் கட்ட வேண்டும், அவ்வளவுதானே. யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை, நானே முடிவு கட்டிக்கொண்டேன். டியூஷன் பணமும் சனிக்கிழமை பேக்கிங் கூலியும் சேர்த்து ஒரு நாள் தவறாமல் கட்டினேன். காலண்டரில் டிக் போட்டேன். கட்டியது போக அட்டையில் கொஞ்சம் இடம் இருப்பதாகக் காட்டினால் அதையும் தேய்த்தேன். வட்டிக் கணக்குப் பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கியவன் நான்.

பதினொன்றாவது டிக் போட்ட பிறகுதான் பாதிக்கு மேல் முடிந்திருக்கும் என்று சந்தோஷமாக மொத்தத்தைப் பார்த்தேன். இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம். அச்சுப் பிழை என்று நினைத்து பேங்குக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், "நீ கட்னது வட்டிக்கே சரியா போய்ட்ச்சி தம்பி. இன்னா படிக்கிற?" என்றார். பி.காம் என்று சொல்லவில்லை. ஹிஸ்டரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். இதை அடைக்க இன்னொரு கார்டு எடுத்தேன். பரீட்சை வந்தது, இரண்டு மாசம் தவறியது. அபராதம், அபராதத்துக்கு வட்டி. இரண்டு கார்டும் சேர்ந்து ஐம்பத்தெட்டாயிரம் ஆனது. போன் அடிக்க ஆரம்பித்தது. வகுப்பில், ரயிலில், பாத்ரூமில். "இன்னா சார், படிச்ச ஆள்தானே, சோறுதான துன்ற?" என்று ஒரு குரல். அந்தக் கேமரா போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றிப் பையில் தனித்தனியாகப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு மத்தியானம் அம்மா கம்பெனியில் இருந்தபோது சீட்டு டப்பாவைத் திறந்து, அதில் சேர்ந்திருந்த பணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடினேன். எதற்காக மூடினேன் என்று இன்றும் தெரியாது. நல்லவன் என்பதால் இல்லை, அது மட்டும் தெரியும்.

கடைசியாக வந்த போனில் கத்தல் இல்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை ஆள் வருவாரு. வீட்டுக்கே. தெருவும் கொஞ்சம் பாக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்கள். அது இரண்டாவது ஞாயிறு.

அம்மாவிடம் இருந்த சொத்து அந்த ஒரு நம்பிக்கைதான். பன்னிரண்டு வருஷமாகப் பத்து பெண்களின் காசு ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் அவள் வீட்டில் இருந்தது. அந்தப் பத்து பேரும் பாயில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் வாசலில் நின்று, உன் பையன் கடன்காரன் என்று சத்தம் போட்டால் என்ன மிஞ்சும்?

விடிந்ததுமே தெருமுனை டீக்கடையில் போய் நின்றேன். பத்து மணி வாக்கில் ஒரு பழைய பைக் வந்தது. ஒல்லியாக, என் வயதுதான் இருக்கும். முதுகெல்லாம் வேர்வை, மார்பில் ஃபைல். நேராக என்னிடம் வந்து ஒரு சீட்டைக் காட்டினார்.

"தோஸ்த், இந்த அட்ரஸ் எங்க வரும்?"

என் பெயர். என் அப்பா பெயர். என் கதவு எண்.

"இங்க இல்லீங்க. ரயில்வே கேட் தாண்டி நேரா ஆத்தோரமா போங்க. அங்க யாரக் கேட்டாலும் சொல்வாங்க" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. அவர் டீக்கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு டீ சொன்னேன். வெகு நாளைக்குப் பிறகு டீ இனித்தது. பதினொரு மணி வரை நின்றேன். ஆற்றோரம் அலைந்து பேஜாராகித் திரும்பிப் போயிருப்பார் என்று வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் அந்த பைக் நின்றது.

பின்னால்தான் தெரிந்தது. ஆற்றோரம் அவர் விசாரித்த முதல் பெண்ணே, "யாரு, சீட்டு வெக்கிறாங்களே அந்தம்மாவா?" என்று கேட்டு, தெருவின் மறுமுனைச் சந்து வழியாகச் சரியாக அனுப்பிவைத்திருக்கிறாள்.

உள்ளே பாயில் பெண்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர், கையில் மோர் டம்ளர். அம்மா என்னைப் பார்த்ததும், "எங்கடா போன? உன் காலேஜ் தோஸ்த் வந்து எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்காரு" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

"வழியில பாத்தோம்மா" என்றார். "இவருதான் வழி சொன்னாரு."

"வழி சொன்னவன் கூடவே கூட்டிக்கினு வர்றதுக்கின்னா" என்று அம்மா சொல்ல, பெண்கள் சிரித்தார்கள்.

குலுக்கும் நேரம். எதிர்வீட்டு காலா, உருது வீட்டுப் பெரியம்மாக்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சொம்பை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னுது ராசியில்லாத கைம்மா. வேற யாரையாவது கூப்டுங்க."

"ராசி யாருக்கு வேணும்? பங்கு இல்லாத கையா இருந்தா போதும், எடு பேட்டா" என்று மகனைக் கூப்பிடுவது போலச் சொன்னாள் காலா.

பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். கடைசி வீட்டு அக்கா பெயர் வந்தது. மகள் நர்ஸிங் சேரப் பணம் கட்ட வேண்டியவள், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அம்மா டப்பாவைத் திறந்து எல்லோர் முன்னாலும் எண்ணிக் கொடுத்தாள். அவ்வளவுதான், முடிந்தது.

"கையெழுத்து வாங்கலையா?" என்று அவர் கேட்டுவிட்டார்.

"எதுக்கு? ஓடிட்டா எங்க ஓடுவா? திங்கக்கிழமை எம் பக்கத்து மெஷின்லதான ஒக்காரணும்" என்றாள் ஒருத்தி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அவரை விடவில்லை. கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

வெளியே வந்ததும் பைக்கை உதைக்காமல் தள்ளிக்கொண்டே நடந்தார். நானும் நடந்தேன்.

"ஆத்தங்கரை நல்லா இருந்துச்சி" என்றார். "எங்களுக்கு இன்னா சொல்லிக் குடுத்துருக்காங்க தெரியுமா? நாலு பேர் இருக்கற நேரமா போ. ஆள் ஜாஸ்தி இருந்தா சத்தம் ஜாஸ்தி போடு. உள்ள பாத்தப்போ இன்னிக்கு நமக்கு நல்ல வேட்டைன்னுதான் நெனச்சேன்."

"ஏன் போடல?"

"வாசல்ல நிக்கிறதுக்குள்ள ஒங்கம்மா மோர் குடுத்துட்டாங்க. காலேஜான்னு அவங்களே கேட்டாங்க, ஆமான்னுட்டேன். அப்புறம் அந்த டப்பாவப் பாத்தேன். அங்க நின்னு உம் பேரச் சொன்னா போறது உம் மானம் இல்லையே."

நெமிலிப் பக்கம் அவர் ஊர். டிகிரியைப் பாதியில் விட்டவர். வசூலானால்தான் காசு, இல்லாவிட்டால் பெட்ரோலும் அவர் கையிலிருந்துதான். அன்று அவருக்கு ஒன்றும் இல்லை. தெருமுனையில் நின்று நிதானமாகச் சொன்னார். ரெண்டு கார்டையும் வெட்டிப் போடு. பேங்குக்குப் போய், வட்டியை நிறுத்தித் தவணையா மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடு. பதிலைக் காகிதத்தில் வாங்கு, வாயால் சொல்வதை நம்பாதே. "வீடு பூட்டியிருந்துச்சின்னு எழுதிடறேன். அடுத்த மாசம் வேற ஆள் வருவான், அவன் மோர் குடிக்க மாட்டான். அதுக்குள்ள அம்மாகிட்ட சொல்லிடு."

இரண்டு நாள் கழித்து, அம்மா கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது சொன்னேன். எல்லாவற்றையும், வந்தவர் யார் என்பதையும். அவள் கேட்டது ஒன்றுதான்.

"சீட்டுக் காச தொட்டியா?"

"டப்பாவத் தொறந்தேன். எடுக்கலம்மா."

டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்த மாசம் முழுக்க அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அந்த மௌனம்தான் எனக்குத் தண்டனை, அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டாவது ஞாயிறு வந்தது. பாய் விரித்தாகிவிட்டது, எல்லோரும் வந்தாகிவிட்டது. எப்போதும் உட்கார்ந்தே இருக்கும் அம்மா அன்று எழுந்து நின்றாள்.

"எம் புள்ள பேங்க்ல கடன் வாங்கி மாட்டிக்கினான். போன மாசம் சொம்புலேந்து சீட்டு எடுத்தவரு அவன் தோஸ்த் இல்ல, வசூலுக்கு வந்தவரு. வீட்ல இவ்ளோ கடன வெச்சிக்கினு ஒங்க காச நான் வெச்சிக்கக் கூடாது. யாராச்சும் எடுத்துக்குங்க."

யாராவது 'ஐயோ, அதெல்லாம் வேணாம், நீயே வெச்சிக்க' என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். நிச்சயமாகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. கடைசியில் காலாதான் எழுந்து வந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் தோளை ஒருமுறை தொட்டாள். "சரி, எங்க வீட்ல இருக்கட்டும்" என்றாள். எல்லோரும் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார்கள். அம்மாவும் தன் ஐநூறை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள். விரித்த பாய் அப்படியே கிடந்தது. அதைச் சுருட்டி வைத்தது நான்தான்.

மூன்று முறை எழுதிக் கொடுத்த பிறகு பேங்க் இறங்கி வந்தது. காலேஜ் முடித்து, முழு நேரமாகப் பேக்கிங்கில் சேர்ந்து, இருபத்திரண்டு மாசம் கட்டினேன். அம்மா ஒரு ரூபாய் தரவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் எந்த நேரத்தில் வந்தாலும் சூடாக இருந்தது. பாக்கி இல்லை என்று கடிதம் வந்த அன்று தமிழில் சொல்லச் சொன்னாள். அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். "சரி, கை கழுவிட்டு வா" என்றாள். டப்பா திரும்பி வரவில்லை. அவர்களும் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வேலையை விட்டு நிற்கும் வரை எதிர்வீட்டில் போய் உட்கார்ந்து தன் ஐநூறைக் கட்டிவிட்டு வந்தாள்.

அந்த நெமிலிக்காரரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ஒரு பகல் முழுக்கத் தன் கூலியை விட்டு அவர் மூடிக் காப்பாற்றிய மானம் அது. அதை அம்மா தன் கையாலேயே திறந்து எல்லோர் முன்னாலும் வைத்தபோது, அவர் செய்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று கோபப்பட்டேன். எனக்கும் தலை நரைத்துவிட்டது. நான் இருபத்திரண்டு மாசம் இழுத்து இழுத்துக் கட்டியதை, அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, தன் ஒரே சொத்தைக் கொடுத்து, ஒரே தவணையில் கட்டிவிட்டாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.