வலி நின்ற பிற்பகல்

2004-ல் கல்யாணமாகி விருதுநகரிலிருந்து ஓசூருக்கு வந்தேன். கணவர் கம்பெனி பஸ்ஸில் கிளம்பிவிட்டால் மாலைவரை பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. சுற்றிலும் தெலுங்கும் கன்னடமும்தான்.

ஒருநாள் காலை அடிவயிற்றின் வலப்பக்கம் வலி பிடுங்கியது. திருநீறு பூசி, முருகனை வேண்டியபடி சுருண்டு படுத்திருந்தேன். பிற்பகலில் வலி சட்டென்று நின்றது. அழுதுகொண்டே கற்பூரம் ஏற்றி மணி அடித்தேன்.

மணிச்சத்தம் கேட்டு, அதிகம் பேசிப் பழகாத பக்கத்து வீட்டு ரத்னம்மா எட்டிப் பார்த்தார்.

“வலி போயிருச்சுக்கா, சாமி கேட்டுட்டாரு” என்றேன்.

அவர் என் நெற்றியைத் தொட்டார். “ஒடம்பு இப்டி கொதிக்குதே. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாம்மா” என்று ஆட்டோ பிடித்தார்.

குடல்வால் வெடித்திருந்தது. வெடித்ததால்தான் வலி குறைந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். கணவருக்குத் தகவல் போய்ச்சேரவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ரத்னம்மா, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். வெங்கடேசா என்ற பெயர் மட்டும் புரிந்தது. அந்த ஊரில் எனக்காக வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

இப்போதும் உடம்புக்கு முடியாவிட்டால் முருகனைக் கும்பிடுகிறேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் உட்கார்ந்து கும்பிடுகிறேன்.