தாம்பூலப் பையில் ஏறாத முதல் அத்தியாயம்

ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றுக்கு முந்தைய நாள், நூற்றைம்பது புத்தகங்களுடன் பீளமேட்டிலிருந்து கிளம்பி சோமனூர் பக்கம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துக் கொடுக்க என் நாவலை ஒருவர் கேட்டிருந்தார். சொந்தச் செலவில் புத்தகம் போட்டு, சொந்தத் தோளில் சுமந்து விற்கிறவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி ஒரு அழைப்பு வரலாம். அதனால் வழி, வண்டி, கட்டணம், நடந்தது எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக: நான் எட்டாவது வரை படித்தவன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கொட்டகைகளில் பன்னிரண்டு வருடம், பிறகு பீளமேட்டில் மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறையில் வேலை. எழுத எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்ததுதான் பள்ளிக்கூடம். 'ஏழாம் நம்பர் தறி' என்ற நாவலை மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று, என் ஆட்கள் பேசும் பேச்சு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்றது. மூன்றாவது, முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் போடலாம் என்றது. எடுத்த எடுப்பில் சாவு வந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிடுவாராம். நான் எடுக்கவில்லை. அந்தச் சாவு இல்லாவிட்டால் மீதிக் கதைக்கு வேலையே இல்லை. நானே அச்சடித்துக்கொண்டேன். நான்கு வருடமாக எந்த இலக்கியக் கூட்டத்துக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாததை நானும் மறக்கவில்லை.

கேட்டவர் பெயர் குப்புசாமி. சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போன அச்சகத்தில் என் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார், அதை அச்சடித்ததும் அவர்கள்தான். அட்டையில் தறி இருந்தது, அது அவருக்குப் போதுமாக இருந்தது. நம் தொழிலைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறாரே, வருகிறவர்கள் எல்லோர் வீட்டுக்கும் இது போகட்டும் என்று போனில் சொன்னார். படித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. விற்கிறவன் கேட்கிற கேள்வி அல்ல அது. நூற்றைம்பது வீடு என்பது, நான்கு வருடத்தில் என் புத்தகம் போய்ச் சேர்ந்த வீடுகளைவிட அதிகம்.

பீளமேட்டிலேயே பஸ் நிற்கும் என்றாலும் அங்கே ஏறாதீர்கள். கட்டுகளை ஏற்றும்வரை நிறுத்தமாட்டார்கள். இருபத்தைந்து புத்தகம் ஒரு கட்டு, மொத்தம் ஆறு கட்டு. ஆட்டோவில் காந்திபுரம் போய் (ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய்) அங்கிருந்து கிளம்பும் திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன். மணி ஒன்றே கால். கண்டக்டர் கட்டுகளைப் பார்த்து, "ஏனுங்க, கல்யாணச் சீருங்களா?" என்று கேட்டார்.

"கல்யாணத்துக்குத்தான். ஆனால் புத்தகம்."

"புஸ்தகம்னா லக்கேஜ் டிக்கெட்டுங்க."

"சீர் என்றால்?"

"சீருன்னா பாத்துக்கலாமுங்க. ஆளுக்கொரு லட்டாவது வரும்."

லக்கேஜ் டிக்கெட் போட்டுக்கொண்டேன். எனக்கு இருபத்தைந்து ரூபாய், கட்டுகளுக்கும் சேர்த்து இன்னொரு ஐம்பது. நீலாம்பூர் தாண்டும்வரை நெரிசல், அதன்பிறகு வண்டி ஓடியது. கருமத்தம்பட்டியில் இறங்கும்போது இரண்டு இருபத்தைந்து. அங்கிருந்து சோமனூர் ரோட்டில் மூன்று கிலோமீட்டரில் மண்டபம். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார். ரோட்டின் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பழகாதவர்கள் ஆட்டோவில் பேச நினைத்தால் கத்தவேண்டும்.

மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து மஞ்சள் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் துண்டு எல்லாம் போட்டு முடித்து, புத்தகத்துக்காகக் காத்திருந்தார்கள். குப்புசாமியின் தங்கை ருக்குமணி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு கட்டைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்து விரித்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

"கரண்ட் போன நேரத்தில்தான் ஆறுமுகம் செத்துப்போனான்."

பாக்கு எண்ணிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டார். ருக்குமணி அடுத்த வரியையும் படித்தார், இந்தமுறை வாய்க்குள். பக்கத்தைப் புரட்டினார். அங்கே பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க ஐயா, கல்யாண ஊட்டுப் பையில எளவு ஊட்டப் போட்டுக் குடுக்கறதுங்களா?"

மூன்றாவது பதிப்பகத்துக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். இந்தச் சாவுதான் கதை, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்று. பாக்குக்காரப் பெண் நடுவில் புகுந்தார். "சாவக் கடைசியில வெச்சிருந்தீங்கன்னா ஒரு தொந்தரவும் இல்லீங்க. அதுவரைக்கும் ஆரு படிக்கப் போறோம்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த விமர்சனங்களில் நேர்மையானது அதுதான்.

குப்புசாமி வந்தார். மாலைச் சீர்ச் சடங்குக்கு வேட்டி மாற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த மனிதர். நல்லவர். கோபப்படவில்லை, வழிதான் பார்த்தார். முதல் அத்தியாயத்தை மட்டும் பிளேடு வைத்து எடுத்துவிடலாம், ஆள் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்றார். பேசிய விலை அப்படியே தருவதாகவும் சொன்னார்.

"பதினோரு பக்கந்தானுங்களே அண்ணா. கதைக்கு ஒண்ணும் ஆவாது."

கதையைப் படிக்காதவர் அதைச் சொன்னார். படித்த பதிப்பாசிரியரும் அதையேதான் சொன்னார். அதற்காகத்தானே நான் சொந்தமாக அச்சடித்தேன்? கிழிக்க முடியாது என்றேன். அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். மறுபடியும் முடியாது என்றேன். பிரித்த கட்டை மறுபடி கட்ட ஆரம்பித்தேன். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னேன். நூற்றைம்பது வீடு கையைவிட்டுப் போவது எனக்கும் தெரிந்தது. கயிறு முடிச்சு சரியாக விழவில்லை.

குப்புசாமி அருமைக்காரரைக் கூப்பிட்டார். வெளியூர் வாசகர்களுக்கு: அருமைக்காரர் என்பவர் இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களை முன்நின்று நடத்துகிறவர். எது ஆகும், எது ஆகாது என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நின்றபடியே இரண்டு பக்கமும் கேட்டார். புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், திறக்கவில்லை.

"செத்தவனுக்குக் கொள்ளி வெச்சாச்சுங்களா, கதையில?"

"வைத்தாகிவிட்டது. எட்டாம் பக்கத்தில்."

"அப்பச் செரி." புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "பையில போடறது பொண்ணு மாப்பிள்ளை பேருல போற சீருங்க. அதுல ஆவாது. மேசை போட்டு வெச்சா அது வெறும் புஸ்தகம். கேக்கறவங்க வாங்கீட்டுப் போவட்டும். கிழிச்ச பொருள எதுலயுமே வெக்கப்படாதுங்க."

எனக்கு இது பிடிக்கவில்லை. நூற்றைம்பது வீட்டுக்குப் போகவேண்டியது, கேட்கிறவர் வீட்டுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஆனால் கிழிக்கச் சொல்லாத முதல் ஆள் அவர். ஒத்துக்கொண்டேன். விருந்தாளிகள் காசு தரவேண்டாம், போகிற புத்தகங்களுக்கு மட்டும் விலையைத் தானே தருவதாகக் குப்புசாமி சொன்னார். எனக்கு மாடியில் ஒரு அறையும் கொடுத்தார். கட்டில் இல்லை, பாய்தான். மின்விசிறி ஓடியது.

காலையில் மேசை போட்ட இடம் கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில். நல்ல இடம் என்று நினைக்கவில்லை, ஆனால் சாப்பிட்ட எல்லோரும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட கிழவன் ஒருவன் உட்கார்ந்திருந்தால் கல்யாண மண்டபத்தில் அது மொய் எழுதுகிற இடம். நான் அதை யோசிக்கவில்லை. ஏழரை மணிக்குள் என்முன் வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொருவரும் கவரை நீட்டி ஊரையும் பேரையும் சொல்ல, மொய் அந்தப் பக்கம் என்று நான் கைகாட்ட, அரை மணி நேரம் இதே வேலை. ஒரு பெரியவர் மட்டும் கவரை மடியில் திரும்ப வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"அப்ப இது என்னுங்க?"

"நாவல். நான் எழுதியது."

"இனாமுங்களா?"

"படிப்பதாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்."

புத்தகத்தை எடுத்தார், எடை பார்த்தார், வைத்தார். "கல்யாண ஊட்ல பொய் சொல்லப்படாதுங்க" என்றுவிட்டு மொய் வரிசைக்குப் போனார்.

மற்றவர்களில் சிலர் எடுத்தார்கள். நின்ற நிலையிலேயே முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வைத்தவர்கள் உண்டு. அதே முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எடுத்துப் போனவர்களும் உண்டு. பந்தி ஓய்ந்தபோது முப்பத்தெட்டுப் புத்தகம் குறைந்திருந்தது. அதில் ஒன்றை முந்தைய நாளே ருக்குமணி எடுத்து வைத்துக்கொண்டதாக அப்புறம் அவரே சொன்னார். பாதியில் விட்டால் தூக்கம் வரவில்லையாம். குப்புசாமி முப்பத்தெட்டுக்கும் ஆன விலையை முன்பணத்தில் கழித்துக்கொண்டார். எனக்கும் ஒரு மஞ்சள் பை கொடுத்தார். வருத்தம் வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம். எனக்கு வருத்தம் இருந்தது.

திரும்பும்போது கருமத்தம்பட்டியில் காந்திபுரம் போகும் டவுன் பஸ் பதினொன்று ஐம்பதுக்குக் கிடைத்தது. நான்கு கட்டும் உதிரியாகப் பன்னிரண்டு புத்தகமும் கடைசி சீட்டுக்கு அடியில். பீளமேட்டுக்கு டிக்கெட் எடுத்தேன், இருபது ரூபாய். அப்புறம்தான் பார்த்தேன், எனக்கு இரண்டு வரிசை முன்னால் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள், நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் நம் மண்டபத்து மஞ்சள் பை. மடியில் என் புத்தகம்.

நீலாம்பூர் வரும்வரை ஐந்து பக்கம் படித்திருந்தார். சின்னியம்பாளையத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பதிப்பகத்தார் சொன்னது இதைத்தான். கொஞ்சம் தள்ளி மறுபடி திறந்தார். விட்ட இடத்திலிருந்து படிக்கவில்லை, இரண்டு பக்கம் பின்னால் போய் ஆரம்பித்தார். எனக்குக் கணக்குத் தெரியும், கொள்ளி வைக்கிற இடத்துக்கு இன்னும் நான்கு பக்கம் இருந்தது. பீளமேடு வந்தது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. காந்திபுரத்துக்கு இன்னொரு டிக்கெட் கேட்டபோது அவர் என்னையும் கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

லட்சுமி மில் சிக்னலில் வண்டி நின்றது. அந்த அம்மாள் பக்கத்தைப் புரட்டினார். என் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம் பாதிப் பக்கம் வெள்ளை விட்டுத்தான் ஆரம்பிக்கும். அந்த வெள்ளை எனக்குத் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை, படித்துக்கொண்டே போனார்.

காந்திபுரத்தில் பக்கத்துக்கு நடுவில் விரலை வைத்துக்கொண்டே இறங்கிப் போனார். "அம்மணி, தேங்காப் பைய உட்டுப்போட்டீங்க" என்று கண்டக்டர் மஞ்சள் பையோடு பின்னால் ஓடினார். நான் யார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவும் தோன்றவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. கட்டுக்கு இருபத்தைந்துக்கு மேல் வைக்காதீர்கள், இடுப்பு தாங்காது. நைலான் கயிறு அட்டையை வெட்டும், சணல் கயிறுதான் சரி. தாம்பூலப் பைக்குக் கேட்டால் முதல் பக்கத்தைப் போனிலேயே படித்துக் காட்டிவிடுங்கள். மேசை போடச் சொன்னால் மொய் மேசையிலிருந்து தள்ளிப் போடுங்கள். அல்லது பக்கத்திலேயே போடுங்கள், என் முப்பத்தெட்டில் பாதி மொய் வரிசையில் வந்தவர்கள்தான். பையில் போயிருந்தால் நூற்றைம்பது வீட்டில் தேங்காய்க்கு அடியில் கிடந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் சமாதானம் சொல்கிறார். கிடந்திருக்கலாம். எனக்கு அந்த நூற்றைம்பதும் வேண்டியிருந்தது, இப்போதும் வேண்டும்.

அடுத்த பதிப்பிலும் ஆறுமுகம் முதல் வரியிலேயே சாவான். பீளமேட்டில் இறங்க வேண்டியவர்கள் பீளமேட்டிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். காந்திபுரத்திலிருந்து நான்கு கட்டோடு வீடு திரும்ப ஆட்டோவுக்கு மறுபடியும் இருநூறு ரூபாய் கொடுத்தேன்.